பூட்டியின் பெயரைக் காணி உறுதியில் கண்டெடுத்த கதை

2024 மாசி மாதத்தில், 1889 ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரு சீதன உறுதியின் (மகளுக்குச் சீதனமாகக் காணி எழுதிக்கொடுத்த பத்திரத்தின்) பிரதி என் கைக்கு வந்தது. நான்கு பக்கம். இரண்டாம் பக்கத்தின் கீழ்ப்பாதி மை ஊறிக் கறுத்திருந்தது. ஆயினும் என் பூட்டியின் (அம்மம்மாவின் தாயாரின்) தாயாருடைய பெயரும், அவரைப் பெற்றவருடைய பெயரும், அந்தத் தாயையும் பெற்றவருடைய பெயரும் அதில் ஒரே வாக்கியத்துக்குள் தெளிவாகக் கிடந்தன. 2021 ஐப்பசியில் தொடங்கிய வேலை அன்றைக்குத்தான் பலித்தது. பூட்டி ஊரறிந்த மனிதர் அல்லர். யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்து, இணுவிலிலேயே மணமுடித்து, அங்கேயே கண்மூடியவர். அவரைப் பற்றி யாரும் எதுவும் எழுதிவைக்கவில்லை. உறவினர் பலர் இன்றும் அயலிலேயே இருப்பதால் ஒருவருடைய பெயரையும் இங்கே எழுதாமல் விடுகிறேன். வேலை நடந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

தொடங்கும்போது கையில் இருந்தவை நான்கு. கூறைச்சேலையுடன் கதிரையில் இருந்து எடுத்த, பின்புறத்தில் திகதி இல்லாத ஒரு படம். பூட்டியின் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிட்ட எட்டுப் பக்கக் 'கல்வெட்டு' என்ற நினைவுப் பாடல் நூல். பனையோலையில் எழுதிய சாதகத் துண்டு ஒன்று. 'சின்னாச்சி' என்ற வீட்டுப்பெயர். முதல் மூன்றும் அம்மாவின் றங்குப்பெட்டியில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி, போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதுமே எழுந்து நடந்தபோது, சைக்கிள் கரியரில் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டுபோன பெட்டி அது. அதே பெட்டியின் அடியில் சிவப்பு நாடாவால் கட்டிய உறுதிக்கட்டும் இருந்தது. படத்தையும் ஓலையையும் கல்வெட்டையும் எடுத்துக்கொண்டு, "காணிப் பத்திரம்தானே" என்று அந்தக் கட்டைத் திரும்பவும் அடியில் வைத்து மூடினேன். இந்த வேலையில் நான் விட்ட பிழைகளுள் பெரியது இதுதான்.

முதலில் வயதானவர்களிடம் கேட்டேன். ஏழு பேரைக் கண்டு, கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, அன்றன்றே கொப்பியில் எழுதினேன். அன்றன்றே எழுதியது நல்லதாயிற்று, ஏனென்றால் இரண்டு ஒலிப்பதிவுகளில் தண்ணீர் மோட்டார்ச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் கேட்ட கேள்விகள் சரியில்லை. "பூட்டியின்ரை தாய் தகப்பன் பேர் என்ன? எந்த வருசம் பிறந்தவ?" என்றே எல்லோரிடமும் கேட்டேன். தகப்பன் பெயரை ஐந்து பேர் சொன்னார்கள், தாயின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தமக்கையான, 88 வயதுப் பெரியம்மா மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பிள்ளை, அவவின்ரை சீதனக் காணிக்கு என்ன பேர் எண்டு சொல்லு, ஆர் எவர் எண்டு நான் சொல்லுறன்" என்றார். எனக்குக் காணியின் பெயர் தெரியவில்லை. அதைக் கேட்டறிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. வயதானவர் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்து அந்த வரியைக் கொப்பியில் எழுதிவிட்டு மறந்துபோனேன். எட்டு மாதம் அது அப்படியே கிடந்தது.

அடுத்த பிழை உடுவில். "பூட்டி உடுவிலிலை படிச்சவ" என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். உடுவில் பெண்கள் பாடசாலை 1824 இல் அமெரிக்க மிசனரிகள் தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில், விடுதியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்களின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. இதை எங்கோ வாசித்திருந்த நான், பூட்டிக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் இருந்திருக்கும் என்று முடிவுகட்டி, மிசன் தொடர்பான அச்சு அறிக்கைகளில் தகப்பன் பெயரோடு ஒட்டிய ஆங்கிலப் பெயர்களைத் தேடி மூன்று வாரம் கழித்தேன். பூட்டி பள்ளிக்குப் போயிருந்தால் அது 1905க்கும் 1915க்கும் இடைப்பட்ட காலம். அந்தப் பெயர்வைப்பு அதற்கு இரண்டு தலைமுறை முந்தியது. சைவக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி அங்கே படித்திருந்தால், பெயர் மாறாமலே படித்திருப்பார். இந்தச் சிறு கணக்கை முதலே போட்டிருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

பிறகு ஓலைக்கு வந்தேன். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், வலது முனை பூச்சி அரித்து ஓட்டையாகி இருந்தது. எழுத்தாணியால் கீறிய எழுத்து என்பதால், கரி பூசாமல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது. பழைய கரி எல்லாம் உதிர்ந்திருந்தது. எண்ணெயும் கரியும் பூசினால் எழுத்து வரும் என்று கேள்விப்பட்டு, வீட்டில் இருந்த தேங்காயெண்ணெயை எடுத்து ஓரத்தில் தடவினேன். எழுத்து வந்தது உண்மைதான். ஆனால் இரண்டு நாளில் அந்த இடம் பிசுபிசுத்துத் தூசி பிடித்தது, மூன்றாம் நாள் எறும்பும் வந்தது. பூசவேண்டியது எலுமிச்சைப்புல் எண்ணெய். அது ஓலையைத் தளர்த்தும், பூச்சியையும் அண்டவிடாது. அதைச் சிறு போத்தலில் 850 ரூபாவுக்கு வாங்கினேன். பஞ்சில் நாலு துளி விட்டு, அரைத்துச் சலித்த சிரட்டைக்கரியைத் தொட்டு ஒரே திசையில் தேய்த்து, உடனே வெறும் பஞ்சால் துடைத்தேன். கீறலுக்குள் கரி தங்க, மேற்பரப்பு வெளுத்தது. கரி பூசாத இடங்களை வாசிக்க இன்னொரு வழியும் கண்டேன். இருட்டறையில் ஓலையைத் தட்டையாக வைத்து, ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் மேசையோடு மேசையாகப் பிடித்தால், ஒவ்வொரு கீறலும் தன் நிழலோடு எழும்பி நிற்கும். அப்படியே படமெடுத்தேன். இனி ஓர் ஓலை கிடைத்தால் முதலில் ரோச்சைத்தான் பிடிப்பேன், எண்ணெய்ப் போத்தலைக் கடைசியாகவே திறப்பேன்.

ஓலையில் 'விகாரி வருஷம் தை மாதம்' என்பது வாசிக்க வந்தது. நாள் இருந்த இடம் பூச்சியின் வயிற்றுக்குள் போய்விட்டது. அறுபது வருடச் சுற்றில் விகாரி வருவது 1839, 1899, 1959. குடும்பக் கணக்குக்குப் பொருந்துவது 1899. பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவின் பிரதிக்கு விண்ணப்பம் கொடுத்தபோது, பதிவு இலக்கம் தெரியாவிட்டால் இரண்டு வருட எல்லைக்குள் தேடித் தர 250 ரூபா என்றார்கள். ஒரு வருடம் முன்பின் இருக்கட்டும் என்று 1898, 1899 என எழுதிக்கொடுத்தேன். 'அவ்விதப் பதிவு இல்லை' என்று பதில் வந்தது. ஒரு கிழமை மனம் சோர்ந்து இருந்த பின்னர்தான், சித்திரையில் பிறக்கும் தமிழ் வருடத்தின் தை மாதம் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும் என்பது உறைத்தது. விகாரி 1899 சித்திரையில் பிறந்தது, அதன் தை மாதம் 1900 சனவரி நடுவில் தொடங்கும். ஒவ்வொரு வருடமும் பொங்கல் பொங்குகிற எனக்கு இது தோன்றாமல் போனது வெட்கக்கேடுதான். இன்னொரு 250 ரூபா கட்டினேன். இந்த முறை 1900 சனவரிப் பதிவு ஒன்று அகப்பட்டது.

1867 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கிவிட்டதால், 1900 இல் பிறந்த ஒருவருக்குப் பதிவு இருக்கும் என்ற நம்பிக்கை வீண்போகவில்லை. ஆனால் பெயர் என்ற கூட்டில் ஒரு கோடு மட்டுமே இருந்தது. பெயர் வைக்கும் முன்பே பிறப்பை அறிவித்துவிட்டு, பின்னர் போய்ப் பெயரைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். பெண், தகப்பன் பெயர், ஊர், தை மாதம் என்ற நான்கும் பொருந்தின. எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த கூட்டில் இருந்தது. அங்கேதான் தாயின் விவாகத்துக்கு முந்திய பெயர் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதை வாசிக்க முடியவில்லை.

அந்தக் காலத்துக் கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே கோடுதான். 'தாயார்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், ஒரு தகரம், ஒரு கோடு, ஒரு யகரம், அதன்பின் அடுத்தடுத்து இரண்டு கோடுகள். அவ்வளவே கண்ணுக்குத் தெரியும். 'லை', 'ணை' ஆகியவற்றில் கொம்பு மேலே சுழிந்து நிற்கும். முன்னால் சங்கிலிக்கொம்பைத் தேடினால் கிடையாது. எனக்கு உதவியது ஒரு கொப்பித்தாள். அந்தப் பதிவாளரே எழுதிய, ஆனால் என்ன சொல் என்று ஐயத்துக்கிடமில்லாத சொற்களை (ஊர்ப்பெயர், மாதப்பெயர், 'பெண்', 'கமம்') முதலில் பெருப்பித்துப் படமெடுத்து, அவற்றிலிருந்து எழுத்து எழுத்தாக வெட்டி அரிச்சுவடி போல ஒட்டினேன். பதினேழு எழுத்து சேர்ந்தபின் தாயின் பெயரோடு ஒப்பிட்டேன். ஏழு எழுத்தில் ஐந்து பொருந்தியது. மீதி இரண்டையும் ஊகத்தில் நிரப்பி, பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தேன். பின்னர் பார்த்தால் அந்த ஊகத்தில் ஓரெழுத்துப் பிழை இருந்தது. கேள்விக்குறியைப் போட்டு வைத்தது நல்லதாயிற்று.

இறப்புப் பக்கம் எளிதாக முடிந்தது. கல்வெட்டின் திதி வெண்பாவில் விசய வருடம், ஆவணி, அபரபக்கத் (தேய்பிறைத்) தசமி என்று இருந்தது. விசய என்பது 1953. அந்த வருடம் ஆவணி மாதத்துக்குள் விழும் அமாவாசை செப்டம்பர் 8. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் தசமி செப்டம்பர் 2 ஆந் திகதி, அல்லது விடிந்தால் 3 என்று வந்தது. இரண்டு திகதியையும் எழுதிக்கொடுத்தேன். 120 ரூபாவுக்குப் பிரதி கிடைத்தது: 2 ஆந் திகதி இரவு. காரணம், காய்ச்சல். வயது 57 என்று எழுதியிருந்தது, உண்மையில் 53. அறிவித்தவர் மருமகன்; மாமியின் வயதை ஒரு மதிப்பில் சொல்லியிருக்கிறார். இறப்புப் பதிவில் உள்ள வயதிலிருந்து பின்னோக்கிக் கழித்துப் பிறந்த வருடம் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கல்வெட்டிலேயே இன்னொரு பொறியும் இருந்தது. புலம்பற் பாட்டில் 'குலம் விளங்க வந்த ஒரு மகள்' என்ற தொடரைக் கண்டு, பூட்டி ஒரே பிள்ளை என்று குறித்துக்கொண்டேன். கல்வெட்டுப் பாடுகிற புலவர் சீருக்கும் எதுகைக்கும் பாடுகிறார் என்பதை நான் யோசிக்கவில்லை.

இதற்குமேல் நகரவில்லை. விவாகப் பதிவு கிடைக்கவில்லை. தாலி கட்டிக் கூறை கொடுத்து ஊரறிய நடந்த கலியாணங்களைப் பதியாமலே விட்டவர்கள் அக்காலத்தில் ஏராளம். பூட்டியின் தாயைப் பற்றி, கேள்விக்குறி போட்ட பெயரைத் தவிர ஒன்றுமில்லை.

2022 ஆடியில், பெற்றோல் கிடையாமல் ஊர் முழுக்கச் சைக்கிளில் ஓடிய காலத்தில், கிணற்றில் மோட்டார் வைப்பது பற்றிக் கிழக்குப் பக்கத்து வீட்டாரோடு ஒரு சச்சரவு வந்தது. "எங்கடை கிணத்திலை அவைக்கு என்ன பங்கு?" என்பது அம்மம்மா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் கேட்கும் கேள்வி. எழுத்தைப் பார்ப்போம் என்று அம்மா சிவப்பு நாடாவை அவிழ்த்தார். 1973 இல் அம்மம்மா அம்மாவுக்கு எழுதிய சீதன உறுதி மேலே இருந்தது. காணியின் பெயர் 'புளியடி வளவு'. விஸ்தீரணம் 3 பரப்பு 9 குளி. அதன்கீழ் எல்லைகள். பிறகு, 'கிணற்றில் அரைப்பங்கும், வழிவாய்க்கால் பாத்தியதையும்'. அதன்பின் வந்த வாக்கியத்தை நான் நின்றபடியே மூன்று முறை வாசித்தேன். இந்தக் காணி எனக்கு என் தாயார் இன்னார் 1946 ஆம் ஆண்டு இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி தந்து, நான் ஆண்டு அனுபவித்து வருவது என்று அம்மம்மா சொல்கிறார். அங்கே பூட்டியின் முழுப்பெயர், வீட்டுப்பெயர் அல்ல, தகப்பன் பெயரோடு கூடிய பெயர், இருந்தது. அப்போதுதான் பெரியம்மாவின் வெற்றிலையும் நான் மறந்த வரியும் நினைவுக்கு வந்தன.

யாழ்ப்பாணத்தில் பெண்ணைத் தேடுகிறவர்கள் இதை முதலே நினைக்க வேண்டும். ஒல்லாந்தர் 1707 இல் யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை எழுத்தில் பதிந்தபோது, சீதனத்தை முதுசத்திலிருந்தும் (பரம்பரைச் சொத்து) தேடியதேட்டத்திலிருந்தும் (மணவாழ்வில் தேடிய சொத்து) பிரித்தே எழுதினார்கள். சீதனம் பெண்ணுடையது, அது தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆகவே நான்கு தலைமுறை ஆண்களின் பெயரைத் தவிர வேறொன்றும் நினைவில் வைத்திராத குடும்பத்திலும், காணி தாய்வழியே கைமாறி, மாறும்போதெல்லாம் தாயின் பெயரையும் மகளின் பெயரையும் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) முன்னிலையில் பதிந்துகொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு உறுதியும் தனக்கு முந்திய உறுதியின் இலக்கத்தையும் வருடத்தையும் சொல்லும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் போதும்.

நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதினால் மூலம் உரியவருக்கும், இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கும், இன்னொன்று தன் கோவைக்கும் போகும். எங்கள் கட்டில் 1946 க்கு முந்திய மூலங்கள் இல்லை. எனவே பதிவகத்தில் ஏடு, அதாவது காணியின் பதிவுப் பக்கம், தேட வேண்டியதாயிற்று. முதலில் நானே போனேன். பழக்கம் இல்லாதவருக்கு அந்த ஏடுகள் காடு. ஒரு காணியின் ஏட்டிலிருந்து 'முன்கொணரப்பட்டது' என்று இன்னோர் ஏட்டுக்கும், அங்கிருந்து வேறொரு தொகுதிக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய பின், ஏடு தேடுவதையே தொழிலாகச் செய்யும் ஓர் ஐயாவைப் பிடித்து 5,000 ரூபா பேசினேன். அவர் கேட்ட முதற் கேள்வி, "காணிக்கு என்ன பேர்?"

அவர் எடுத்துத் தந்த ஏட்டில் பூட்டியின் வாழ்க்கை ஐந்தாறு வரியில் இருந்தது. 1918 இல் சீதனமாகப் பெற்றிருக்கிறார். 1934 இல் ஒற்றி வைத்திருக்கிறார். 1937 இல் மீட்டிருக்கிறார். 1946 இல் மகளுக்குக் கொடுத்திருக்கிறார். இந்த நான்கு உறுதிகளுக்கும் இணைப்பிரதிகளின் பிரதி கேட்டு எடுத்தேன். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். 1934 இல் கணவர் ஊரில் இல்லை. ஆகவே அவருடைய அற்றோணித் தத்துவத்தின் (தன் சார்பில் இன்னொருவர் ஒப்பமிட எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தின்) விபரம் ஒற்றி உறுதியில் எழுதப்பட்டிருந்தது: கோலாலம்பூரில் எழுதியது, தொழில் புகையிரதப் பகுதி எழுதுவினைஞர். மலாயாவில் எங்கே, என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உறுதி ஒரே வரியில் அதைத் தீர்த்துவைத்தது. 1946 உறுதியில் பூட்டி 'விதவை' என்று எழுதப்பட்டிருக்கிறார். அப்படியானால் பூட்டன் இறந்தது 1937 க்கும் 1946 க்கும் இடையில். யப்பான்காரன் காலத்தில் மலாயாவில் செத்துப்போனார் என்ற வீட்டுக் கதைக்கு அது முரணில்லை. அதற்குமேல் உறுதி சொல்லாது, நானும் சொல்லவில்லை.

இந்த நான்கு பிரதிகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தபோது, தேடாத ஒன்று கண்ணில் பட்டது. 1918 இல் பூட்டியின் பெயருக்கு எதிரே பெருவிரல் அடையாளம். 1934 இலும் 1937 இலும் அதுவே. மை சற்றுக் கூடிப்போய், ரேகை தெரியாமல் ஒரு கறுப்பு முட்டை போல இருக்கிறது. 1946 இல் கையொப்பம். தமிழில், ஒவ்வோர் எழுத்தும் மற்ற எழுத்தைத் தொடாமல், கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல மெய்களுக்கு அழுத்தி அழுத்திப் புள்ளி வைத்து எழுதியிருக்கிறார். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மேலே ஏறியிருக்கிறது. அப்போது அவருக்கு 46 வயது. அம்மம்மா பள்ளிக்கூடம் போன வருடங்களும் இடையிலுள்ள அந்த வருடங்களே. தாயும் மகளும் ஒரே சிலேற்றில் பழகினார்களோ என்று அம்மா கேட்டார். உடுவில் கதை அன்றோடு தீர்ந்தது என்றே நினைத்தேன்.

மேலே போவதற்கு 1918 உறுதி 1889 ஐக் காட்டியது. 1889 ஐ எடுக்கவே ஒரு வருடத்துக்குமேல் சென்றது. பழைய தொகுதி ஒன்று கட்டவிழ்ந்து, ஏடுகள் இடம் மாறி இருந்ததாகவும், ஐயா நாலாம் முறை போனபோதுதான் அகப்பட்டதாகவும் சொன்னார். பிறப்புப் பதிவில் நான் ஊகித்த பெயரில் ஓரெழுத்துப் பிழை என்று கண்டது அதில்தான். 1889 உறுதி தனக்கு முந்தியதாக 1861 ஆம் ஆண்டுச் சீதன உறுதி ஒன்றைச் சொல்லி, அதை எழுதிக்கொடுத்த தாயின் பெயரையும் சொல்கிறது. என்னிலிருந்து எண்ணினால் அவர் ஏழாவது பெண். அவரைப் பற்றித் தெரிந்தது பெயரும், அவருக்கு ஒரு புளியமரத்தடி வளவு இருந்தது என்பதும்தான்.

ஆனால் 1889 உறுதியில் எனக்கு இடித்தது விஸ்தீரணம். 7 பரப்பு. 1918 இல் பூட்டிக்கு வந்தது 3 பரப்பு 9 குளி. பதினெட்டுக் குளி ஒரு பரப்பு. ஆகவே 3 பரப்பு 9 குளி என்பது மூன்றரை, அதாவது ஏழில் சரிபாதி. மற்றப் பாதி எங்கே? கிணற்றிலும் அரைப்பங்கு. 1918 உறுதியின் எல்லைகளை மறுபடி வாசித்தேன். வடக்கும் மேற்கும் வேறு ஆட்கள், தெற்கு ஒழுங்கை. கிழக்கெல்லைக்கு எழுதப்பட்டிருந்தது ஒரு பெண்ணின் பெயர். அவருடைய தகப்பன் பெயர், பூட்டியின் தகப்பன் பெயரே. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பிரதியை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன்; எல்லைகளை ஒருநாளும் பெயராக வாசிக்கவில்லை, திசையாக மட்டுமே வாசித்திருக்கிறேன். பூட்டிக்கு ஒரு சகோதரி இருந்திருக்கிறார். ஏழு பேரிடம் கேட்டும் ஒருவர் வாயிலும் வராத சகோதரி. பெரியம்மா அதற்குள் காலமாகிவிட்டார்.

செலவு எல்லாம் சேர்த்து 13,720 ரூபா. பிறப்பு இறப்புப் பிரதிகளுக்கு 620, எண்ணெய்க்கு 850, தூரிகைக்கும் பஞ்சுக்கும் 200, ரோச்சுக்கு 650, ஐயாவுக்கு 5,000, பதிவகத்துத் தேடலுக்கும் பிரதிகளுக்கும் 4,300, போட்டோப் பிரதிக்கும் பஸ்ஸுக்கும் 2,100. காணிப் பெயரிலிருந்து தொடங்கியிருந்தால், முதல் 250 ரூபாவும் உடுவிலுக்குச் செலவழித்த வாரங்களும் மிஞ்சியிருக்கும், பெரியம்மாவிடம் அந்தச் சகோதரியைப் பற்றிக் கேட்கவும் காலம் இருந்திருக்கும். இன்னொரு முறை செய்தால், ஒவ்வோர் உறுதியையும் வாசித்த அன்றே எல்லைக்காரர் நால்வரையும் தனித்தனி அட்டையில் எழுதி, விஸ்தீரணத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த உறுதிக்குப் போவேன். ஓலை இப்போது வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு ஒன்றோடு தனிப் பெட்டியில் இருக்கிறது. தேங்காயெண்ணெய் பட்ட ஓரம் இன்னமும் கொஞ்சம் கறுப்புத்தான்.

1889 பிரதி வந்த மறுநாள், கிழக்குப் பக்கத்து வீட்டு மாமியிடம் போனேன். கிணற்றுச் சச்சரவுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் அவ்வளவாகப் பேச்சில்லை. காணிப் பிரச்சினை கிளப்ப வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தார். எல்லையில் உள்ள பெயரைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பழைய சொப்பிங் பை ஒன்றில் தங்கள் உறுதிக்கட்டைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார். அவர்கள் அந்தக் காணியை வாங்கியது 1958 இல். ஆனால் விற்றவர்கள் பழைய மூலங்களையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். அடியில் இருந்தது 1918 ஆம் ஆண்டு நன்கொடை உறுதி. எங்கள் உறுதியின் அதே திகதி, அதே நொத்தாரிசு, எங்கள் இலக்கத்துக்கு முந்திய இலக்கம். 3 பரப்பு 9 குளி, கிணற்றில் அரைப்பங்கு. மேற்கெல்லையில் பூட்டியின் பெயர். கொடையை ஏற்றுக்கொண்டதற்குச் சகோதரி கடைசிப் பக்கத்தில் ஒப்பமிட்டிருக்கிறார். பெருவிரல் அல்ல, சாய்ந்த, உருண்ட, வேகமாக ஓடிய எழுத்து.

அந்தப் பக்கத்தைப் படமெடுக்க மாமி அனுமதித்தார். வெளிச்சம் போதாமல் திண்ணையில் வைத்து மூன்று முறை எடுத்தேன்.